பச்சை ஆணி

முன்னே ஒரு காலத்தில், ராஜாக்களுக்கு வாய் மட்டும் உழைத்து, குடிகளுக்கு முதுகு மட்டும் உழைத்த காலத்தில், வேம்படி ஆசாரிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தால் நிமிர முடியவில்லை. நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. உட்கார்ந்து சோறு தின்ன முடியாமல் மரத்தில் சாய்ந்து நின்றபடியே கஞ்சி குடித்தான். பன்னிரண்டு தூண் செதுக்கிய இடுப்பு அது.

தூண்கள் ராஜாவுக்கு. ஒரு நாள் காலையில் பல் துலக்கும்போது ராஜாவுக்கு ஊஞ்சலாட ஆசை வந்துவிட்டது. சும்மா ஆட முடியுமா? அதற்கு ஒரு மண்டபம் வேண்டும், மண்டபத்துக்குப் பன்னிரண்டு தூண் வேண்டும், எல்லாம் தன் பிறந்தநாளுக்குள் முடிய வேண்டும் என்று கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சொன்னார். துப்பிய தண்ணீர் காய்வதற்குள் ஆள்பிடிக்க ஆள் கிளம்பிவிட்டது.

வேம்படி குடியிருந்தது காட்டுக்குள். வீடு கட்டவில்லை. ஒரு கிழட்டு மருதமரத்தின் பொந்துக்குக் கதவு வைத்துக்கொண்டான். மழைக்கு ஒதுங்கின யானை ஒன்று அந்தப் பொந்துக்குள் நுழைந்து வழி தெரியாமல் மூன்று நாள் சுற்றியது என்று அவனே சொல்லியிருக்கிறான். நம்புகிறவர்கள் நம்பலாம். ராஜா நம்பவில்லை, ஆனால் சிரித்தார். அதனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவனைச் சபைக்குக் கூப்பிட்டுப் பொய் சொல்லச் சொல்வார்.

"எங்காட்டுல ஒரு மரம் இருக்கு மகாராஜா. உச்சியில கொக்கு முட்டை போட்டு, அது தவறி விழுந்தா, முட்டை தரைக்கு வர்றதுக்குள்ள குஞ்சு பொரிச்சுப் பறந்திரும்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். சபையும் சிரிக்கும். பிரதானி மட்டும் சிரிக்க மாட்டார். ஐந்து தலைமுறையாகப் பிரதானி வேலை பார்த்த குடும்பம் அவருடையது. ஐந்து தலைமுறையில் ஒருவராலும் எந்த ராஜாவையும் சிரிக்கவைக்க முடிந்ததில்லை. தோளில் மரம் செதுக்கும் வாய்ச்சியும் காலில் மரத்தூளுமாக வருகிற ஒருத்தன் வாயைத் திறந்தால் ராஜா குலுங்குவதைப் பார்க்கையில் அவருக்கு நெஞ்செரிச்சல் வந்தது.

தூண்மரம் இழுக்கக் காட்டோரத்துக் குடிகளைப் பிடித்துவந்தார்கள். கூலி கிடையாது, அரண்மனை ஊழியம். முப்பது பேர் ஒரு மரத்தை வடம் கட்டி இழுப்பார்கள். நான்காவது மரம் சரிவில் உருண்டபோது சடையன் என்கிற கிழவனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. இறங்கின தோளோடு இழு என்றார்கள். அன்று சாயங்காலம் பதினோரு பேர் ஓடிப்போனார்கள். பத்துப் பேர் தப்பினார்கள். வேகமில்லாத சடையன் அகப்பட்டான்.

அவனை அடைத்துவைத்து, தூண் வேலையெல்லாம் முடிந்ததும் தீர்ப்புச் சொன்னார்கள்: ஓடினவனுக்குத் தொழுமரம். தொழுமரம் என்றால், கட்டைமேல் கட்டை வைத்து, சேருமிடத்தில் கால் நுழையத் துளை வெட்டி, உள்ளே காலை வைத்துப் பூட்டுவது. மேல்கட்டை எழும்பாமல் இருக்க இரண்டு முனையிலும் மணிக்கட்டுத் தடிமனில் மர ஆணி இறக்குவார்கள். நாட்டில் அதுவரை தொழுமரம் இல்லை. செய்யச் சொல்லி வேம்படியிடம் வந்தது உத்தரவு. பிரதானியே பல்லக்கில் வந்து நின்றார்.

"இன்றைக்கே வேண்டும்."

"கட்டை பச்சையாத்தான் சாமி கிடைக்கும். பரவாயில்ல, தாங்கும். ஆணிக்கு மட்டும் அடுப்புப் பரண்ல ரெண்டு வருசமாப் புகை குடிச்ச கட்டை வச்சிருக்கேன். பச்சைக் கட்டைக்குக் காஞ்ச ஆணிதான் அடிக்கணும். அது எங்க தொழில் முறை."

பிரதானி பரணை எட்டிப் பார்த்தார். கரிபிடித்த கட்டைகள். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அரண்மனைக்கு வருகிற நெல்லில் பதர், நெய்யில் எண்ணெய் என்று பிடித்துப் பிடித்தே பேர் வாங்கிய மனிதர்.

"உளுத்துப்போனதை அரண்மனை தலையில் கட்டப் பார்க்கிறாயா? கட்டையும் புதிது, ஆணியும் புதிது. என் கண்முன்னால் மரத்தில் இருந்து வெட்டு."

"சாமி, முறை அது இல்ல..."

"முறையை எனக்கு நீ சொல்லாதே."

வெட்டினான். உளி இறங்கும் இடமெல்லாம் பால்போல நீர் வடிந்தது. இடுப்பு வலியோடு ஒரு பகல் முழுக்க நின்றே செய்தான். செய்த வேலையைச் சரியாகத்தான் செய்தான். அவன் கைக்கு மட்டமாகச் செய்யத் தெரியாது. அரண்மனை வாசலில் கொட்டகை நிழலில் போட்டு, சடையன் காலை உள்ளே வைத்து, ஆணியைத் தன் கொட்டாப்புளியாலேயே அடித்து இறக்கினான்.

சடையன் குனிந்து துளையைத் தடவிப் பார்த்தான்.

"வேலை நல்லாத்தான் இருக்கு ஆசாரி. வழுவழுன்னு இருக்கு. சிராய் ஏறல."

வேம்படிக்கு ஒரு விகடமும் வரவில்லை. கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு நடந்தான்.

மறுநாள் பௌர்ணமி. சபைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். என்ன சொன்னோம் என்று தெரியாமலே சொன்னான்:

"எங்காட்டு மரமெல்லாம் நான் சொன்னாக் கேக்கும் மகாராஜா. குனின்னாக் குனியும். நிமிருன்னா நிமிரும். இடுப்புப் பிடிப்பு வந்தப்ப ஒரு தேக்குதான் என்னைக் குப்புறப் படுக்கப்போட்டு மிதிச்சுவிட்டுது."

ராஜா சிரித்தார். பிரதானி எழுந்து நின்றார். இதற்காகவே ஏழு பௌர்ணமி காத்திருந்தவர்.

"மகாராஜா மன்னிக்க வேண்டும். சபையில் சொல்லும் சொல் அரசருக்குச் சொல்லும் சொல். மரம் இவன் சொல் கேட்கும் என்றால் சோதித்துப் பார்ப்பதில் தவறில்லையே? வாசலில் தொழுமரம் இருக்கிறது. இவனே செய்தது. இவன் காலையும் அதில் பூட்டுவோம். கை படக்கூடாது, கருவி படக்கூடாது, இன்னொருவர் திறக்கக்கூடாது. இவன் சொல் கேட்டு மரமே விடட்டும்."

ராஜாவுக்குக் கண் மலர்ந்தது. ஊஞ்சல் வருகிறவரை பொழுதுபோக வேண்டாமா?

"நல்லது! வேம்படி, பதினைந்து நாளில் என் பிறந்தநாள். அன்று காலை நான் வந்து பார்க்கும்போது, என் கண்முன்னால் மரம் உன்னை விட வேண்டும். அதற்கு முன்னால் வெளியே வந்தால் நீ ஓடினவன். விட்டால் உனக்கும் உன்னோடு இருக்கும் கிழவனுக்கும் விடுதலை, ஒரு பை பொன். விடாவிட்டால் என்ன செய்யலாம் பிரதானி?"

"அரசரிடம் பொய் சொன்னவனுக்கு உளி பிடிக்கும் கை எதற்கு மகாராஜா?"

வேம்படி தன் வலது கையைப் பார்த்தான். காய்ப்பு ஏறி, சுண்டுவிரல் நசுங்கி, பார்க்கச் சகிக்காத கை. அதைத் தவிர அவனிடம் சொத்து ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூளை வேலை செய்தது. பச்சை ஆணி. மணிக்கட்டுத் தடிமன். கட்டைக்குள் ஈரம் ஆறு மாதம் நிற்கும். ஆணி அப்படி இல்லை. காய்ந்து இளைக்க நிழலில் இரண்டு மாதம் ஆகும். வெயிலில் பத்துப் பதினோரு நாள்.

தடாலென்று காலில் விழுந்தான். இடுப்பு 'மளுக்' என்றது.

"என்ன வேணா செய்ங்க மகாராஜா. வெயில்ல மட்டும் போட்டுராதீக. நான் நிழல்ல வளந்த ஒடம்பு. கொட்டகையிலயே கெடக்கேன். சித்திரை வெயில் பட்டா உருகிருவேன்!"

"நடு முற்றத்தில் போடுங்கள்" என்றார் பிரதானி. "ஓலைகூட மேலே கட்டக்கூடாது."

ராஜா தலையசைத்தார். குப்புறக் கிடந்த வேம்படி தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். அந்தச் சிரிப்பு மூன்று மூச்சு நின்றிருக்கும். அப்புறம்தான் சடையன் நினைவுக்கு வந்தான். ஒரே கட்டை. அதை வெயிலுக்குத் தூக்கினால் கிழவனையும் சேர்த்துத்தான் தூக்குவார்கள்.

"மகாராஜா, கிழவரை மட்டும்..." என்று தலை தூக்கினான். ராஜா வெற்றிலை போட எழுந்து போய்விட்டார்.

தூக்கிப்போட்டார்கள். ஆணியைக் கழற்றி வேம்படி காலையும் வைத்துத் திரும்ப அடித்தபோது அதில் இன்னும் ஈரம் கசிந்தது. காவலுக்கு வீரணன் என்று ஒருத்தன். வேல் ஒரு கையில், தண்ணீர்ப் பானை ஒரு கையில்.

தினமும் விடிந்ததும் வேம்படி ஆணியைப் பார்த்துச் சத்தமாக உத்தரவு போட்டான். "இளை! சாப்பிடாதே! இளை!" ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. "ஆசாரி, உன் மரம் விரதம் இருக்கா?" என்று வாய் பார்த்தவர்கள் கேட்டார்கள். பிரதானி பல்லக்கை நிறுத்தினார்.

"என்ன ஆசாரி, உன் மரத்துக்குக் காது கேட்கவில்லையோ?"

"கேக்குது சாமி. அரண்மனை மரம் இல்லையா? ரெண்டு மூணு தடவை மனுப் போட்டாத்தான் அசையும்."

கூட்டம் சிரித்தது. பல்லக்கு நகர்ந்தது.

மூன்றாம் நாள் உச்சியில் வீரணன் இரக்கப்பட்டு இருவர் காலிலும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினான். சடையன் 'ஆ' என்று கண்ணை மூடினான். தண்ணீர் கட்டையில் ஓடி ஆணியின் தலைக்குப் போனது. வெளிறத் தொடங்கியிருந்த ஆணி கறுத்தது. தாகத்தில் இருந்த மாடுபோல உறிஞ்சியது. அன்று ராத்திரி வேம்படி மேல்கட்டையைக் காலால் எக்கிப் பார்த்தான். போட்ட அன்று இருந்த இறுக்கம் திரும்ப வந்திருந்தது.

மூன்று நாள் வெயில் வீண். இன்னும் ஒரு செம்பு விழுந்தால் கை போய்விடும், கிழவன் விடுதலையும் போய்விடும்.

உண்மையைச் சொல்லலாம் என்றால், வீரணன் பிரதானியின் சோறு தின்கிறவன். சடையனுக்கோ சாயங்காலமானால் காய்ச்சல் ஏறுகிறது. காய்ச்சலில் பேரப்பிள்ளை பெயரில் இருந்து கொடுக்கல் வாங்கல் வரைக்கும் எல்லாவற்றையும் உளறுகிறான். அதனால் வேம்படி தனக்குத் தெரிந்ததைச் செய்தான். பொய் சொன்னான்.

"அண்ணே, காலுக்குத் தண்ணி கேக்காதீரும். தொழுப்புண்ணுல தண்ணி பட்டா புரையோடிரும். காலையே எடுக்கணும். நான் எத்தனை பாத்திருக்கேன்."

நாட்டில் முதல் தொழுமரமே அதுதான். சடையன் அதை யோசிக்கவில்லை.

"அப்படியா? நீரு சொன்னாச் சரிதான் ஆசாரி. கட்டை வேலை தெரிஞ்சவரு." வீரணன் மறுநாள் செம்போடு வந்தபோது கிழவனே கையைக் காட்டி மறித்தான். "வேணாம்யா. ஆசாரி ஆகாதுங்காரு."

குடிக்கத் தண்ணீர் கிடைத்தது. நாளுக்கு ஒரு கஞ்சி கிடைத்தது. வெயில் மட்டும் அளவில்லாமல் கிடைத்தது. ஏழாம் நாள் சடையன் கணுக்கால் பனங்காய்போல வீங்கியது. வேம்படிக்கும் வீங்கியது, ஆனால் அவனுக்கு வயது நாற்பது. ஒன்பதாம் நாள் கிழவன் கேட்டான்:

"ஆசாரி, ஒரு கை தண்ணி. ஒரு சிரங்கை. காலு அடுப்புல வச்ச மாதிரி இருக்கு."

"வேணாம்ணே. இன்னும் ஆறு நாள்தான்."

"ஆறா?"

"ஆறுதான்."

கிழவன் விரலை மடக்கி எண்ணிக்கொண்டான். அதற்கப்புறம் தினமும் ஒரு விரலை மடக்கிக் காட்டுவான். சிரிக்கவும் செய்வான். வேம்படி அவனுக்கு யானைக் கதையும் கொக்குக் கதையும் சொன்னான். ராஜாவுக்குச் சொன்னதைவிட நன்றாகவே சொன்னான்.

பதினாலாம் நாள் பகலில் காற்று வீசியபோது ஆணியின் தலை லேசாக ஆடியது. சுள்ளியாகக் காய்ந்துவிட்டது. வேம்படி அதைப் பார்க்காதவன்போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். இப்போதே ராஜாவைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் முதலில் வருவது பிரதானி. ஆணியைத் தொட்டுப் பார்த்தால், ஓங்கி ஓர் அடி அடித்து இறுக்கிவிடுவார், அவ்வளவுதான். ஒரு நாள் வாயைக் கட்ட வேண்டும்.

அன்று சாயங்காலம் சடையன் விரலை மடக்கவில்லை.

"புரையோடினாப் போகுது ஆசாரி. காலை எடுத்தா எடுத்துட்டுப் போறான். நாங் கேக்கேன், ஊத்தச் சொல்லும்."

வீரணன் செம்பை எடுத்துக்கொண்டு வேம்படி முகத்தைப் பார்த்தான். ஒரு செம்பு போதும். ராத்திரி முழுக்க உறிஞ்சி விடியும்போது ஆணி இறுகிவிடும்.

"ஊத்தாதே" என்றான் வேம்படி.

கிழவன் கண்ணை மூடிக்கொண்டான். அன்று ராத்திரி உளறவும் இல்லை.

விடியக்காலம் மேளம் கேட்டது. பிறந்தநாள். வேம்படி திரும்பிப் பார்த்தபோது சடையன் தலை நெஞ்சில் சாய்ந்திருந்தது. தொட்டான். வெயில் வருவதற்கு முன்னால் அந்தக் கட்டையில் குளிர்ந்திருந்தது கிழவன் உடம்பு ஒன்றுதான். வீரணன் ஓடிவந்து பார்த்துவிட்டு வேம்படி வாயைப் பொத்தினான்.

"ஆசாரி, சத்தம் போட்டுராதே. பிறந்தநாள் அன்னைக்கு அரண்மனை வாசல்ல சாவுன்னு சொல்லக்கூடாது. சொன்னவன் நாக்கை அறுப்பாக. போன ராஜா காலத்துல இருந்து உள்ள சட்டம்."

தன் துண்டை எடுத்துக் கிழவன் தலையில் முக்காடாகப் போட்டுவிட்டான்.

ராஜா எண்ணெய்க் குளியல் முடிந்து பட்டு உடுத்தி வந்தார். பின்னால் பிரதானி, அவருக்குப் பின்னால் அரிவாளோடு ஓர் ஆள். ஊர் முழுக்க நின்றது.

"என்ன வேம்படி, மரம் கேட்டதா?"

வேம்படி கையிரண்டையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டான், எல்லோரும் பார்க்கும்படி.

"இப்பச் சொல்லுதேன் மகாராஜா. ஏய் மரமே! மகாராஜா வந்திருக்காக. மரியாதை தெரியாதா? எந்திரி!"

சொல்லிவிட்டு முழங்காலை எக்கினான். மேல்கட்டை எழுந்தது. ஆணி இரண்டும் துளைக்குள் கடகடவென்று ஆடி, கட்டையோடு மேலே வந்து, சரிந்து முற்றத்தில் உருண்டன. ஒன்று பிரதானி காலடியில் போய் நின்றது.

ராஜா குனிந்து ஆணியைப் பார்த்தார். அப்புறம் ராஜா சிரித்தார். வயிற்றைப் பிடித்து, பக்கத்தில் நின்றவன் தோளைப் பிடித்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"எப்படியடா? சொல்!"

"எல்லாம் பிரதானியார் புண்ணியம் மகாராஜா. காஞ்ச ஆணி அடிக்கேன்னேன், பச்சைதான் வேணும்னாரு. நிழல்ல போடச் சொன்னேன், வெயில்தான் வேணும்னாரு. பச்சை ஆணி பதினாலு வெயில் குடிச்சா இளைக்காம என்ன செய்யும்? நான் சொன்ன சொல்லை மரம் கேட்டுது. நான் கேட்டதுக்கு எதுக்கெடுத்தாலும் நேர்மாறா பிரதானியார் செஞ்சாரு. ரெண்டு பேரும் சேந்துதான் என்னைக் காப்பாத்துனாக."

ராஜா மறுபடியும் சிரித்தார். சபை சிரித்தது, அரிவாளோடு வந்தவனும் சிரித்தான். பிரதானியை அந்த ஆணி இரண்டையும் எடுத்துக்கொண்டு பின்னால் வரச் சொன்னார் ராஜா. பொன் பையை வேம்படி மடியில் போட்டார். போகத் திரும்பினவர் முக்காட்டைப் பார்த்தார்.

"கிழவன் என்ன, இந்தச் சத்தத்திலும் தூங்குகிறான்?"

"ஆமா மகாராஜா" என்றான் வேம்படி. "பதினஞ்சு நாள் தூக்கம்."

"அவனுக்கும் விடுதலை. எழுந்ததும் சொல்லு."

ராஜா ஊஞ்சலாடப் போனார். புது மண்டபத்தில் சங்கிலி கிரீச்சிடும் சத்தம் முற்றம்வரை கேட்டது.

வீரணன் ஒரு பக்கமும் வேம்படி ஒரு பக்கமுமாகப் பிடித்துக் காட்டோரத்துக் குடிசைவரைக்கும் தூக்கிவந்தார்கள். வேம்படிக்குக் காலும் இடுப்பும் கெஞ்சின. மூன்று இடத்தில் இறக்கிவைத்து எடுத்தார்கள். சடையன் பெண்சாதி ஒச்சாயி வாசலிலேயே நின்றாள். வழியில் பார்த்தவர்கள் சொல்லிச் சேதி முன்னமே போயிருந்தது. அழுது முடித்த முகம்.

கிழவனைக் கிடத்தினதும் அவள் பார்த்தது முகத்தை இல்லை, காலை. உலர்ந்து, வெடித்து, கட்டையின் நிறத்தில் கிடந்தது.

"தண்ணி கேட்டிருப்பாரே" என்றாள். "காலு எரிஞ்சா அவருக்கு உறக்கம் வராது. வேலைவிட்டு வந்தா மொதல்ல காலுக்குத்தான் ஊத்தணும்."

"கேட்டாரு."

"ஊத்துனீரா?"

வேம்படிக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. ஆணி, வெயில், பிரதானி, கை. சபையாக இருந்தால் சொல்லியிருப்பான்.

"இல்ல. ஊத்த வந்தவனையும் ஊத்த விடல. புரையோடிரும்னு பொய் சொன்னேன்."

அவன் பொன் பையை எடுத்து அவள் பக்கம் வைத்தான். அவள் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள். நாலு வயிறு அந்த வீட்டில்.

"இது ராஜா குடுத்தது" என்றாள். "நீரு குடுக்க வேண்டியது வேற."

மூலையில் பானை இருந்தது. வேம்படி நொண்டிக்கொண்டே போய்ச் செம்பில் மொண்டு, கிழவன் கால்மாட்டில் வந்து குனியப் பார்த்தான். அவள் செம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம். இப்ப ஊத்துனா அது பொணத்துக்கு. அத நான் ஊத்திக்கிடுதேன்."

வாங்கிக்கொண்டாள்.

அந்த நாட்டில் வேம்படி ஆசாரியின் விகடத்தைச் சொல்லிச் சிரிக்காத வீடு இல்லை. கை தப்பியது, பிரதானி ஆணி சுமந்தது, ராஜா சிரித்தது எல்லாம் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது ஒன்று. சடையனுக்கு, அவன் உயிரோடு இருந்தபோது, காலில் ஊற்ற ஒரு செம்புத் தண்ணீர் வேம்படி ஆசாரி கடன். அதை அவன் இன்னும் கொடுக்கவில்லை.